சங்கத்தின் கணக்கில் வராத குழந்தைகள்

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், தென்காசி

குற்றாலம் பேரருவியில் நீராடியவர்கள் அனைவரும் அங்குள்ள பாதுகாப்பு வளைவை அறிவார்கள். சாரல் காலத்தில் மலைமேல் மழை வலுத்து, வெள்ளம் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால், குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும். வெகு தொலைவிலிருந்து வந்தவராயினும், பெரிய உத்தியோகத்தில் உள்ளவராயினும், கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. நீர் வளைவுக்குள் விழுகிறதா, அதனைத் தாண்டி விழுகிறதா என்று அறிந்துகொள்வதற்குப் படிப்பு வேண்டுவதில்லை, கண்ணிருந்தால் போதும். வெள்ளம் எதிர்பாராத வேளையில் வந்தால் என்ன நேரும் என்பதை 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் கண்டோம். 17 வயதுச் சிறுவன் ஒருவனை நீர் கொண்டு போயிற்று.

அருவியைப் பற்றிப் பேசுவதற்காக இக்கட்டுரையை எழுத முற்படவில்லை. ஆறு வயது நிரம்பாத நம் குழந்தைகள் பகற்பொழுதை எங்கே கழிக்கின்றனர், யாருடைய கண்காணிப்பில் இருக்கின்றனர், அந்த இடம் அவர்களுக்குத் தக்கதுதானா என்னும் விஷயங்களில், பார்த்தவுடன் புலப்படக்கூடிய அத்தகைய வளைவு ஒன்றேனும் நம்மிடம் உண்டா என்று கேட்கவே எழுதுகிறேன். நெசவாளர்களும் விவசாயிகளும் அங்கத்தினராக உள்ள சங்கங்களின் மாத இதழில் இது ஏன் என்று நிர்வாகஸ்தர்கள் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அப்பொழுது இம்மாவட்டத்துக் கைத்தறி நெசவாளர் சங்கமொன்றிற்கு இருப்புச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயரையும் ஊரையும் சொல்வதற்கில்லை. அங்கே கண்டது எங்கும் காணக்கூடியதே. கிடங்கிலிருந்த நூலைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்தோம். அங்கத்தினர் வீடுகளில் தறியில் ஏறியிருக்கும் பாவையும் பார்க்க வேண்டுமாதலால், காரியதரிசியுடன் தெருவுக்குள் நடந்தேன். மூன்றாவது வீட்டில் குழித்தறி. அங்கத்தினரான அம்மையார் தறியில் அமர்ந்து மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். தறிக்காலில் பழஞ்சேலைக் கிழிசல் ஒன்று முடிச்சிடப்பட்டிருந்தது. அதன் மறுமுனை ஒன்றரை வயதுக் குழந்தையின் இடுப்பைச் சுற்றியிருந்தது. குழந்தை ஊடைத்தார் ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அந்த அம்மையார் பார்த்துவிட்டார்.

"கெட்டிப் போடலன்னா குழிக்குள்ள விழுந்துருவான், ஸார். மூத்தவ இருந்தா பாத்துக்கிடுவா. அவ பள்ளிக்கூடம் போயிட்டா. வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

காரியதரிசி சிரித்தார். "எங்க ஆச்சியும் எங்கள இப்படித்தான் கெட்டிப் போட்டா, ஸார்" என்றார்.

அடுப்படிப் பலகையில், சீனி வைக்கும் டப்பாவைப் போன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் காஸ்டிக் சோடா இருந்தது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அவர் கணவர் எதற்கோ கொண்டுவந்து வைத்ததாம். நான் பாவை எண்ணினேன், அகலத்தை அளந்தேன், அச்சின் நெருக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மாலையில் சங்க அலுவலகத்தில் அமர்ந்து ஆய்வறிக்கையில் 'குறைபாடு ஏதுமில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சேலைக் கிழிசலின் நீளம் தற்செயலானதன்று. குழந்தை எவ்வளவு இழுத்தாலும் தறிக்குழியின் விளிம்புக்கு ஒரு சாண் இப்பாலே நின்றுவிடும்படி அளந்து கட்டப்பட்டிருந்தது. அத்தெருவில் அக்குழந்தைக்கென இருந்த ஒரே பாதுகாப்பு அளவு அதுதான். அதனை வகுத்தவர் அந்தத் தாய். நூலைக் கிராம் கணக்கில் நிறுத்த எனக்கு அந்தக் கவனம் இல்லாமற் போயிற்று.

நம் வட்டாரத்தின் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே வீடே பட்டறை. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் தறி. சங்கரன்கோவிலில் விசைத்தறியின் இரைச்சல். தென்காசியிலிருந்து ஆலங்குளம்வரை எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் பீடிச் சுளகு. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களிலும் சிற்றாற்றுப் பாசன வயல்களிலும் தாய்மார் வேலை செய்கையில் குழந்தை வரப்போரத்து மரநிழலில் கிடக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி ஒருவர் உண்டு. அவரைச் சட்டம் கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. (தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை ஐம்பதாக இருந்து, 1976-இல் முப்பதாகக் குறைந்தது.) 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமும் காப்பகத்தைப் பேசின. இச்சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஐம்பது தொழிலாளருக்கு மேல் உள்ள இடங்களைக் குறிப்பிடுகிறது. ஆனால் வீட்டுத்தறிக்கு எந்தச் சட்டம் தொட்டில் கட்டித் தந்தது? பீடிச் சட்டம் பட்டறையில் காப்பகம் கேட்டது. பீடியோ பட்டறையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. புகையிலைத் தூள் படிந்த மடியில் குழந்தை உறங்குகிறது. அதே கையால் தாய் அதற்குச் சோறூட்டுகிறாள்.

முதலாளி இல்லாத இடத்தில் பொறுப்பு யாருடையது? நெசவாளிக்கு நூல் கொடுப்பதும் துணி வாங்குவதும் சங்கம். உழவனுக்குக் கடன் கொடுப்பதும் உரம் கொடுப்பதும் சங்கம். முதலாளியின் இடத்தில் நாமே நிற்கிறோம் என்று ஆண்டு விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். அவ்விடத்திற்குரிய கடமையையும் நாமே ஏற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மீனா சுவாமிநாதன் அம்மையார் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 1972-இல் பள்ளிக்கு முற்பட்ட குழந்தைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் தமிழ்நாட்டில் எம். ஜி. ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லும் வயது வராத குழந்தைக்கும் தட்டு வைத்தது. இன்று நம் மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'பால்வாடி' என்றே சொல்கிறார்கள். அங்கே வாரத்தில் மூன்று நாட்கள் முட்டையும் உண்டு. இதனைக் குறைத்துப் பேசுவோர், பசித்த குழந்தையைப் பார்த்தறியாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆயினும் இரண்டு இடைவெளிகள் உள்ளன. அங்கன்வாடிக்கு வந்து அமர்வன பொதுவாக இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளே. அதற்குக் குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை. தவழத் தொடங்கும் எட்டாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை உள்ள காலமே தறிக்குழிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அதிகம் அஞ்ச வேண்டிய காலம், அக்காலத்துக்குத்தான் இடமில்லை. இரண்டாவது, நேரம். நாற்று நடவுக்குப் போகிறவள் விடியற்காலையில் புறப்படுகிறாள். தீபாவளிக்கு முன் தறியில் இருப்பவள் விளக்கு வைத்தும் எழுவதில்லை. மையத்தின் கதவு அவர்களுடைய நேரத்துக்குத் திறந்து மூடப்படுவதில்லை.

சட்டத்தின் ஏட்டில் இக்குழந்தைகளின் இடம் என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் செய்யப்பட்ட 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டவர்களை 45-ஆவது பிரிவில் வைத்தது. அது அரசு முயல வேண்டிய நெறி. வழக்காடிப் பெறும் உரிமையன்று. ஆனால் 1989 நவம்பர் 20-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டதும், 1992 டிசம்பரில் இந்தியா இசைந்து சேர்ந்ததுமான குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் இடங்கள், பாதுகாப்பு, சுகாதாரம், பணியாளரின் எண்ணிக்கையும் தகுதியும், மேற்பார்வை ஆகியவற்றில், தக்க அதிகாரம் உடையோர் வகுத்த தரத்துக்கு இணங்கியிருக்க வேண்டும் என்று அதன் மூன்றாவது பிரிவு கூறுகிறது. வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குக் காப்பகப் பயன் கிடைக்க வேண்டும் என்று பதினெட்டாவது பிரிவு கூறுகிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கையுடன் தரங்களும் வகுக்கப்பட்டன. ஆகவே தரம் இல்லாமல் இல்லை. அது அலமாரியில் இருக்கிறது; அருவிக்கரையில் இல்லை.

தரம் ஏட்டில் இருந்து இடத்தில் இல்லாவிட்டால் வரும் விலையை நாம் ஒரே தேதியில் இருமுறை கண்டிருக்கிறோம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கூரையின் ஓலைக்குத் தாவி, 94 குழந்தைகள் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு, அதே ஜூலை 16-ஆம் நாள், பீகாரின் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். அங்கே சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி. இவ்விரண்டும் பள்ளிகளில் நேர்ந்தவை எனினும், ஓலையும் அடுப்பும் நஞ்சு டப்பாவும் அதனினும் சிறிய குழந்தைகள் இருக்கும் இடங்களில் இன்னும் அருகில் உள்ளன. பெரிய அநியாயம் எதையும் செய்யத் தேவையில்லை. அடுப்புக்கு மேலே என்ன கூரை என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்காததும், இந்தப் பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்காததும் போதும்.

விவசாய அங்கத்தினர்களே, இரண்டாவது நிகழ்ச்சியை நீங்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறேன். பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி மாட்டுக்கொட்டிலின் எரவாணத்தில் செருகி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? உரமும் மருந்தும் விற்கும் சங்கத்தின் கிடங்கை நாங்கள் தணிக்கை செய்கிறோம். புட்டியின் எண்ணிக்கை ஏட்டோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறோம். விற்ற பின் அப்புட்டி எந்தக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. விற்கும்போதே, 'சொந்தப் புட்டியிலேயே வையுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் பூட்டி வையுங்கள்' என்று சொல்லிக் கொடுக்கச் சங்கத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது நீர். அருவி நாட்டில் பிறந்த நாம் நீரின் பயத்தை அருவியோடு நிறுத்திக் கொள்கிறோம். தலைகுப்புற விழுந்த ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். கால்வாயோரத்து வீடு, கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டக் கிணறு, மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி ஆகியவை அடுத்தடுத்து உள்ள ஊர்கள் நம்முடையவை. நீரில் மூழ்கி இறப்போரில் ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளின் விகிதம் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வங்காளதேசத்துக் கிராமங்களில் இதற்குக் கண்ட பரிகாரம் வியப்பளிப்பது. அவர்கள் குளங்களுக்கெல்லாம் வேலி போடவில்லை. தாய்மார் சமையலிலும் வயலிலும் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணிவரை, அதே ஊர்ப் பெண்ணொருத்தியின் வீட்டில் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதனை 'ஆஞ்சல்' என்று அழைக்கிறார்கள். சேலைத் தலைப்பு என்பது அதன் பொருள். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பள்ளி வயது வராத குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் ஏற்படுத்துவதை நீர் விபத்துத் தடுப்பு முறையாகவே பரிந்துரைத்தது. தறிக்காலில் கட்டப்பட்ட சேலைக் கிழிசலுக்கும் அந்தச் சேலைத் தலைப்புக்கும் உள்ள தூரத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

இதைச் சொன்னால் எழும் ஆட்சேபங்களை நான் அறிவேன். தாய்மடியை விட மேலான காப்பகம் உண்டா என்பது முதலாவது. இல்லைதான். ஆனால் மடியில் ஏற்கெனவே பீடிச் சுளகு இருக்கிறது; காலடியில் மிதி இருக்கிறது. மடியைக் காலி செய்து கொடுக்க நாம் தயாரா? கூலியை உயர்த்தி, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரையேனும் தாயை வீட்டில் இருத்த எந்தச் சங்கமாவது தீர்மானம் போடுமானால், என் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். ஆச்சிமார் பார்த்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது. எல்லா வீட்டிலும் ஆச்சி இல்லை. இருக்கும் ஆச்சியும் பீடி சுற்றுகிறாள். பெரும்பாலும் பார்த்துக்கொள்வது எட்டு வயது அக்காள். தம்பி பிறந்த ஆண்டில் அவள் பள்ளிக்கு எத்தனை நாள் போனாள் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். ஒரு குழந்தையைப் பாதுகாக்க இன்னொரு குழந்தையின் படிப்பைச் செலவழிக்கிறோம்.

மூன்றாவது ஆட்சேபம் பணம். இது மெய்யான ஆட்சேபம். நம் சங்கங்களில் பல, லாபம் கண்டு பல ஆண்டுகள் ஆயின. பொதுநல நிதி என்ற தலைப்பு ஏட்டில் மட்டும் உள்ள சங்கங்களையும் நான் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், ஏழைப் பெண்கள் கூட்டுறவாகவே இதனைச் செய்து காட்டிய இடம் நம் நாட்டில் உண்டு. குஜராத்தில் 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்தார் கேடா மாவட்டத்துப் புகையிலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காகவும், அகமதாபாத் நகரத்துக் கூலிப் பெண்களின் குழந்தைகளுக்காகவும் காப்பகங்களைத் தொடங்கினர். 'சங்கினி' என்ற பெயரில் குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தாய்மாரின் வேலை நேரமே காப்பகத்தின் நேரம். தாய்மாரும் ஒரு பங்கு செலுத்துகின்றனர். செலவு முழுவதும் அதனால் ஈடாவதில்லை என்பதும் உண்மை. புகையிலைக் கூலிப் பெண்களுக்கு முடிந்தது, பங்குத்தொகையும் கிடங்கும் தீர்மானப் புத்தகமும் உள்ள நமக்கு முடியாதா?

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 2013-ஆம் ஆண்டுத் தரம், முப்பது குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை என்கிறது. ஒரு குழந்தைக்கு ஏறக்குறையப் பன்னிரண்டரைச் சதுர அடி. பத்துக் குழந்தைகளுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டரை அடி அறை. தவழும் குழந்தைகளாயின் இன்னும் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. எத்தனை சங்கங்களில் இந்த அளவுள்ள முன்னறை, உடைந்த நாற்காலிகளையும் பழைய தள்ளுபடி விளம்பரப் பலகைகளையும் தாங்கிக் கொண்டிருக்கிறது என்பதை நான் பெயர் பெயராகச் சொல்ல முடியும். ஆனால் அது இதழாசிரியருக்குச் சங்கடம் தரும்.

அந்த அறைக்கு வளைவுகள் வேண்டும். அதாவது, எழுதப் படிக்கத் தெரியாத தாயும் வாசலில் நின்று பார்த்துச் சொல்லிவிடக்கூடிய குறிகள். மூன்று வயதுக்குட்பட்டவர்களானால் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்டவர்களானால் இருபது பேருக்கு ஒருவர் என்பது அத்தரத்தில் உள்ள கணக்கு. தலைகளை எண்ணினால் தெரிந்துவிடும். மேலே ஓலை இருக்கக்கூடாது. சமைக்கும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றாயிருக்கக்கூடாது. உள்ளே வந்த வழி அடைபட்டாலும் வெளியே போக வேறு வழி இருக்க வேண்டும். தண்ணீர் உள்ள எப்பாத்திரமும் மூடியோடு இருக்க வேண்டும். குடிக்கும் நீர் கொதித்து ஆறியதாயிருக்க வேண்டும். கழிப்பிடம் சின்னக் காலுக்குத் தக்கதாகவும், அருகில் சோப்பு உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருந்தும் துப்புரவுத் திரவமும் குழந்தைகள் உள்ள அறையிலேயே கூடாது. காய்ச்சலோடும் பேதியோடும் வரும் குழந்தையை அன்று என்ன செய்வது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். குழந்தையைக் கொண்டுவந்தவர் யார், அழைத்துப் போனவர் யார் என்பது நாள்தோறும் ஏட்டில் ஏற வேண்டும். சங்கத்தில் ஒரு கழி நூல் கையொப்பமின்றி வெளியே போகாது, குழந்தை போகலாமா?

இவை உடலைப் பற்றியவை. உரிமை என்பது இவற்றோடு முடிவதன்று. சின்னஞ்சிறு குழந்தையைப் பயமுறுத்தித் தூங்க வைப்பது, இருட்டறையைக் காட்டி மிரட்டுவது, கையை அழுத்திப் பிடித்துச் சிலேட்டில் எழுத வைப்பது, ஊட்டும்போது மூக்கைப் பிடிப்பது ஆகிய யாவும் ஒழுங்கு என்ற பெயரில் நடக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் வேலை விளையாட்டு. அதனை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு உரிமை என்றே சொல்கிறது. யார் சமைத்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுத் தட்டை நகர்த்துவது இன்னும் மோசமானது. குழந்தைகள் தாமாக அதனைச் செய்வதில்லை, வீட்டிலிருந்து கொண்டுவருகின்றன. கூட்டுறவு என்ற சொல்லைப் பலகையில் எழுதிய கட்டடத்துக்குள் அதற்கு ஒரு நாளும் இடம் தரலாகாது. குழந்தையிடம் தகாத முறையில் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி அதனைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவரின் கடமை. 'சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று மறைப்பது அச்சட்டத்தின்படி குற்றம். 1098 என்ற குழந்தை உதவி எண் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும்.

எல்லாவற்றிலும் நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. எந்தத் தாயும் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து பார்க்கலாம் என்பதே அது. கதவைத் தட்டிக் காத்திருக்கச் சொல்லும் இடத்தில் எவ்வளவு பொம்மைகள் இருந்தாலும் நான் நம்புவதில்லை. ஆய்வாளன் வருவான் என்று தெரிந்த நாளில் சங்கம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதை என்னைவிட யார் அறிவார்?

பணியாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தரம் கேட்பவர்கள் அக்குழந்தையைத் தூக்குபவளுக்கு என்ன தருகிறோம் என்று கேட்பதில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஏப்ரல்வரை ஆயிற்று. திட்டமோ 1975-இல் தொடங்கியது. ஒரே பெண் குழந்தைகளையும் பார்த்து, எடையும் எடுத்து, கைப்பேசியில் விவரமும் ஏற்றி, கணக்கெடுப்புக்கும் போக வேண்டும் என்றால், அந்நேரத்தில் குழந்தைகளின் பக்கம் யாருடைய கண் இருக்கும்? சங்கம் காப்பகம் நடத்தினால், அங்கே வேலை செய்பவளைத் தொண்டு செய்பவள் என்று புகழ்ந்து அரைக்கூலி கொடுக்கக்கூடாது. நெசவுக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். சங்க அங்கத்தினரின் குடும்பத்துப் பெண்ணுக்கே பயிற்சி தந்து அமர்த்தலாம்.

எல்லாச் சங்கமும் உடனே காப்பகம் திறக்க முடியாது. முடியாதவை வேறொன்று செய்யலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் உள்ள குடியிருப்பு, அங்கன்வாடி வேண்டும் என்று கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-இல் ஆணையிட்டது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து, ஆறு மாதக் குழந்தை முதல் ஏற்கும் 'பால்னா' திட்டமும் 2022 முதல் உள்ளது. தனித்தனித் தாய்மார் மனுவோடு அலைவதைவிட, நெசவாளர் சங்கமும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் சேர்ந்து, குழந்தைகளின் பட்டியலை இணைத்து, இரு தலைவர்களின் கையொப்பத்தோடு மனு அனுப்புவது வேறு விதமாகப் பார்க்கப்படும். பேரவைக் கூட்டத்தில் இதற்கு ஒரு பிரேரணையும், மூன்று தாய்மார் கொண்ட பார்வைக் குழுவும் போதும். அக்குழுவில் நிர்வாகக் குழுவினரின் மனைவிமார் மட்டும் இல்லாதபடி பார்த்துக் கொண்டால் நல்லது.

அந்தத் தறி வீட்டுக்கு அண்மையில் மீண்டும் போனேன். குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறான். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. தறிக்காலில் அந்த முடிச்சு இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதாகவும், அவிழ்த்து எறிய வேண்டாம் என்று கேட்டிருப்பதாகவும் அம்மையார் சொன்னார்.

இப்போதெல்லாம் ஆய்வுக்குப் போகும்போது ஒரு தனித்தாளை எடுத்துச் செல்கிறேன். தறி வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் இரண்டு வயது நிரம்பாதோர் எத்தனை பேர், பகலில் பார்த்துக்கொள்வது யார், குழிக்கும் தொட்டிக்கும் அடுப்புக்கும் எவ்வளவு தூரம், சாயமும் மருந்தும் எங்கே இருக்கின்றன என்று ஐந்து கேள்விகள். ஆய்வுப் படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது; ஆகவே பின்னிணைப்பாக ஊசி குத்தி அனுப்புகிறேன். வேண்டுமென்று கேட்கும் சங்கங்களுக்கு அத்தாளின் படியைத் தருகிறேன். காரியதரிசிகள் வரும் பேரவைக் கூட்டத்துக்கு முன் தெரு தெருவாக நிரப்பி வைத்திருந்தால், இருப்புச் சரிபார்க்க வரும்போது அதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.